ஊருக்குப் போன கல்யாணப் படம்

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

இந்தக் குரல் கேட்டதும் மண்டபமே எழுந்து நிற்கிறது. அட்சதை பறக்கிறது. மாப்பிள்ளையின் கை மணப்பெண்ணின் கழுத்தருகே போகிறது. முதல் முடிச்சு விழ எவ்வளவு நேரம் ஆகும்? நான்கைந்து விநாடிதான்.

அந்த நான்கைந்து விநாடியில் அட்சதை போடாமல், வாழ்த்துச் சொல்லாமல் நிற்கிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் போட்டோகிராபர்.

சாம்பாரில் உப்பு குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். பந்தியில் இலை குறைந்தால் வாங்கி வரலாம். தாலி கட்டும் படம் தவறிவிட்டால் என்ன செய்வது?

மும்பை தாராவியில் 45 ஆண்டுகளுக்கு மேலாகக் கல்யாணப் படம் எடுத்து வருகிறார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர். அங்குள்ள தமிழர்கள் அவரை 'போட்டோ அண்ணாச்சி' என்றே அழைக்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியும். ஒருமுறை அவருக்கே அது தவறியிருக்கிறது.

எண்ணி எடுத்த காலம்

"அப்போதெல்லாம் ஒரு ரோல் பிலிமில் 12 படம்தான் விழும். வசதி உள்ளவர்கள் நாலைந்து ரோல் எடுக்கச் சொல்வார்கள். கூலி வேலைக்காரர் வீட்டில் ஒரே ரோல். மாலை மாற்றுவதில் இருந்து பந்தி வரை அந்த 12-க்குள் அடக்க வேண்டும்" என்கிறார் அவர்.

அன்று அவர் கையில் இருந்தது, சதுரமாகப் படம் விழும் இரட்டை லென்ஸ் காமிரா. பிலிம், நம் உதகமண்டலத்தில் செய்தது. 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு-வெள்ளை பிலிம் தயாரித்து வந்தது. இன்று அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது.

பிலிமைக் கும்மிருட்டில் கழுவ வேண்டும். பிறகு சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பிரிண்ட் போட வேண்டும். அறையின் மூலையில் கறுப்புத் துணி கட்டி, இரவில் இந்த வேலையைச் செய்வார். படம் நன்றாக வந்திருக்கிறதா, இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். அதற்குள் கல்யாணப் பந்தலைப் பிரித்திருப்பார்கள்.

இருட்டில் விழுந்த படம்

1983-ஆம் ஆண்டு. 1982 ஜனவரியில் தொடங்கிய பம்பாய் மில் வேலைநிறுத்தத்தால் வேலை இழந்த ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். ஒரு ரோல் எடுக்கத்தான் பணம் இருந்தது.

பெண்ணின் தாயார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"தம்பி, ஊர்ல எங்க அம்மா படுத்த படுக்கையா கெடக்கா. பேத்தி கல்யாணத்தைப் பாக்கக் குடுத்து வைக்கல. தாலி கட்டுறதை மட்டும் நல்லா எடுத்துக் குடுத்துரு. அதை ஊருக்கு அனுப்பணும்."

பத்துப் படம் எடுத்தாயிற்று. இரண்டு பாக்கி. முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் உறவினர் ஒருவர், "எங்களை ஒண்ணு பிடிங்க" என்று குடும்பத்தோடு வந்து நின்றார். படம் வீணாகக்கூடாது என்று வெறும் பிளாஷை மட்டும் அடித்து அவரைத் திருப்தி செய்து அனுப்பினார் போட்டோகிராபர்.

அதுதான் வினை. பிளாஷ் ஒருமுறை எரிந்தால், மறுபடி மின்சாரம் ஏறப் பல விநாடிகள் வேண்டும். பாட்டரி பழையதானால் இன்னும் தாமதமாகும். அதற்குள் கெட்டிமேளம் முழங்கிவிட்டது. அழுத்தினார். பிளாஷ் எரியவில்லை. பதினோராவது படம் இருட்டாகிவிட்டது.

"மாப்பிள்ளையை மறுபடி தாலியைப் பிடிக்கச் சொல்லுங்க. எடுத்துக்கிடலாம்" என்றார் ஒரு பெரியவர். இப்படி எடுக்கிற வழக்கம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

தாயார் மறுத்துவிட்டார். "கட்டினதை மறுபடி கட்டுற மாதிரி நடிக்க வேண்டாம். எம் மவளை என் பக்கத்தில் உக்கார வச்சு எடு. கழுத்துல தாலி தெரியணும். எங்க அம்மாவுக்கு அது போதும்."

பன்னிரண்டாவது படம் அதுதான். ஊருக்குப் போகிற ஒருவர் கையில் அது போனது. கிழவி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டதாகப் பிறகு கடிதம் வந்தது.

இன்று என்ன நிலை?

இன்று ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் படம் விழுகிறது. எடுத்த உடனேயே பார்த்துக்கொள்ளலாம். வேலை எளிதாகிவிட்டதா?

"இல்லை" என்கிறார் அவர். "மாப்பிள்ளை கை போகிற நேரத்தில் முன்னால் இருபது செல்போன் நீள்கிறது. பெண் முகம் மறைந்துவிடுகிறது."

நிச்சயதார்த்தம் முடிந்ததுமே ஜோடியை வெளியூர் அழைத்துப்போய் எடுப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. சிலர் தண்டவாளத்தில் நடந்து வருவதுபோல் எடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு அவர் சம்மதிப்பதில்லை. அனுமதியின்றித் தண்டவாளத்தில் இறங்குவது 1989-ஆம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து.

கல்யாண வீட்டார் கவனத்துக்கு

கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முன்பணம் கொடுக்கும்போதே எத்தனை படம், எத்தனை ஆல்பம், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பணத்துக்கு ரசீது அவசியம்.

கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவருக்கே உரியது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு இதைச் சொல்கிறது. கடை விளம்பரத்துக்கு உங்கள் வீட்டுப் பெண்ணின் படத்தை வைக்க விருப்பம் இல்லையென்றால் தாராளமாக மறுக்கலாம்.

பணம் வாங்கிக்கொண்டு ஆல்பம் தராவிட்டால் அது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வற்புறுத்துவது ஒன்று உண்டு. "பத்துப் படமாவது காகிதத்தில் பிரிண்ட் போடுங்கள். ஒரு செட்டை ஊரில் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் ஒரே நாளில் போய்விடும்."

அவர் அனுபவித்துச் சொல்வது இது.

திரும்பி வந்த படம்

2005 ஜூலை 26-ந் தேதி மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு பெருகி, வெள்ளம் புகுந்தது. தேதி எழுதி, உறையில் போட்டு, தகர டப்பாக்களில் அவர் அடுக்கி வைத்திருந்த நெகட்டிவ்கள் சேற்றில் ஊறி ஒட்டிக்கொண்டன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த கல்யாணங்கள் இரண்டு நாளில் போயின. பல வீடுகளில் ஆல்பங்களும் போயின.

சில ஆண்டுகளுக்கு முன்பு அறுபதை நெருங்கிய ஒரு பெண்மணி ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பழைய கண்ணாடிச் சட்டம்.

"அண்ணாச்சி, ஊர்ல ஆச்சி வீட்டை இடிக்காவ. சுவத்துல இது மாட்டியிருந்திச்சு. எங்க வீட்டு ஆல்பம் வெள்ளத்துல போச்சு. எங்க அம்மா போட்டோ வேற எதுவுமே எங்கிட்ட இல்ல" என்றார்.

பிரித்துப் பார்த்தார். ஓரம் மஞ்சளித்த கறுப்பு-வெள்ளைப் படம். கழுத்தில் புதுத் தாலியோடு ஒரு பெண். பக்கத்தில் அவள் தாயார்.

வராதவருக்காக ஊருக்குப் போன படம், இல்லாதவரைக் காட்டத் திரும்பி வந்திருந்தது.

அதை மறுபடி படம் பிடித்து, கறைகளை நீக்கி, இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண்மணி பணத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"பன்னிரண்டு படத்துக்குக் காசு வாங்கிட்டுப் பதினொண்ணுதான குடுத்தேன் தாயி. அந்த ஒண்ணு பாக்கி இருந்துச்சுல்லா" என்றாராம்.

ஒரு பிரதி தாராவி வீட்டில் இருக்கிறது. மற்றது மறுபடியும் ஊருக்குப் போயிருக்கிறது.