பாடினார்... புறப்பட்டார்!

2018 நவம்பர் 16. நாகை - வேதாரண்யம் இடையே கரையைக் கடந்த கஜா புயலில், புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டாரத்தின் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன.

துன்பம் வந்தால் பலரும் பாராயணம் செய்யும் ‘கோளறு பதிகம்’ பிறந்ததும் அதே வேதாரண்யத்தில்தான். மதுரைக்கு வரும்படி திருஞானசம்பந்தரை அழைத்திருந்தார் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார். கோள்நிலை சரியில்லை, இப்போது போக வேண்டாம் என்று தடுத்தார் அப்பர். சிவனடியாரைக் கோள்கள் என்ன செய்யும் என்று 11 பாடல்கள் பாடிய சம்பந்தர், மதுரைக்குக் கிளம்பிவிட்டார் என்கிறது பெரியபுராணம்.

அவர் பாடிவிட்டு, நல்ல நேரத்துக்காகக் காத்திருக்கவில்லை. பாராயணம் தருவது அந்தத் துணிச்சலைத்தான். மரம் சாய்ந்த தோப்பில் மறுபடியும் தென்னங்கன்று ஊன்றிய ஆலங்குடி விவசாயிகளுக்கு இது புரியும்!