சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறதா? ‘கேஸ்’ என்று முடிவு கட்டாதீர்கள்

“சாப்பிட்டது நெஞ்சுலயே நிக்குது, இறங்கவே மாட்டேங்குது” என்று சொன்னால், நம் வீடுகளில் உடனே வரும் பதில்: “கேஸா இருக்கும், ஒரு மாத்திரை போடு.” பல நேரம் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால், சிலருக்கு உண்மையிலேயே சிக்கல் ஒரு வாயுவில்தான் இருக்கிறது. நாம் நினைக்கும் வாயு அல்ல, நைட்ரிக் ஆக்சைடு. அது கூடிப்போனதல்ல, இல்லாமல் போனதுதான் பிரச்சினை.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. அமிலம் மேலே ஏறாமலிருக்க எப்போதும் இறுக மூடியிருக்கும்; நாம் விழுங்கும்போது மட்டும் சில நொடிகள் திறக்கும். அந்தத் ‘திற’ என்ற கட்டளைதான் நைட்ரிக் ஆக்சைடு. உணவுக்குழாய்ச் சுவரில் உள்ள நரம்பு செல்கள், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இதை அவ்வப்போது தயாரிக்கின்றன. ஸ்டாக் வைத்துக்கொள்ள முடியாது. சில நொடிகளில் மறைந்துவிடும். ரத்தக்குழாயையும் இதே வாயுதான் தளர்த்துகிறது. அதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் கிடைத்தது. (ஆபரேஷனில் தரும் ‘சிரிப்பு வாயு’ நைட்ரஸ் ஆக்சைடு. அது வேறு.)

இந்த நரம்பு செல்கள் அழிந்துபோனால் கதவு திறக்காது. இதற்குப் பெயர் அக்கலேசியா. ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் ஒருவருக்கு வரும் அரிய நோய். சோறு மட்டுமல்ல, தண்ணீரும் இறங்கச் சிரமப்படும். படுத்தால் செரிக்காத உணவு வாய்க்கு வரும், இரவில் இருமல் வரும், எடை குறையும். தேங்கிய உணவு நெஞ்செரிச்சலையும் உண்டாக்குவதால் அசிடிட்டி என்றே ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு. ஆரம்பத்தில் எண்டோஸ்கோபியில்கூட எல்லாம் நார்மலாகத் தெரியலாம். புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய அது அவசியம்தான். ஆனால், தசையின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரியில்தான் குட்டு வெளிப்படும்.

“அப்போ பீட்ரூட் ஜூஸ் குடிக்கலாமா?” ரீல்ஸ் பார்ப்பவர்களின் கேள்வி இது. பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறுவது உண்மை. ஆனால், செத்துப்போன நரம்பின் வேலையை ஜூஸ் செய்யாது. இது அதிகமாக இருந்தால் நல்லது என்றும் இல்லை. பெருங்குடல் அழற்சியில், புண்பட்ட குடல் இதே வாயுவை அளவுக்கு மீறித் தயாரிக்கிறது.

இதய நோயாளிகள் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொஞ்ச நேரம் வளையத்தைத் தளர்த்தும். கூடவே தலைவலியும் வரும். நீங்களாக எடுக்க வேண்டாம். நிலையான தீர்வு, வளையத்தை பலூனால் விரிப்பது அல்லது தசையை வெட்டிவிடுவது. வெளியே கத்தி படாமல், வாய் வழியாகவே வெட்டும் ‘போயம்’ முறையை ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008இல் முதன்முதலில் நோயாளிக்குச் செய்தார். இப்போது இந்தியாவிலும் செய்கிறார்கள். வெட்டிய கதவு முழுசாக மூடாது என்பதால், பிறகு சிலருக்கு நிஜமாகவே அமிலம் மேலே ஏறும். அந்த அசிடிட்டி மாத்திரைக்கு அப்போதுதான் வேலை.