குளிருக்கு எந்த பாய்லர்?

பிரிட்டனில் வீடு பார்க்கப் போகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "பாய்லர் எத்தனை வருஷப் பழசு?" என்றுதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த வீட்டில் மனிதர் இருக்க முடியுமா முடியாதா என்பது அந்தப் பெட்டியின் கையில் இருக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் அது கேஸில் எரிகிறது. சூடாக்கிய தண்ணீரை ஒரு பம்ப் குழாய்கள் வழியே அறை அறையாக அனுப்பும். சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர் என்ற தட்டையான இரும்புப் பலகை அந்தச் சூட்டை அறைக்குக் கொடுக்கும். ஆறிய தண்ணீர் பாய்லருக்கே திரும்பும். வருஷக்கணக்கில் சுற்றுவது ஏறக்குறைய அதே தண்ணீர்தான். ரேடியேட்டரின் மேல்பாதி மட்டும் ஜில்லென்று இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, ஓரத்துத் திருகைச் சின்னச் சாவியால் லேசாகத் திருப்பினால் உஸ்ஸென்று காற்று வெளியேறும். பின்னாலேயே துருவேறிய கறுப்புத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். உடனே மூடிவிட வேண்டும், கம்பளம் போய்விடும்!

குழாயைத் திறந்ததும் அப்போதைக்கப்போது வெந்நீர் தருவது காம்பி பாய்லர். தொட்டி வேண்டாம், இடமும் மிச்சம். இன்னொரு வகையில், பாய்லர் சூடாக்கும் வெந்நீர் ஒரு சிலிண்டரில் சேர்ந்திருக்கும். பரணில் தனியாகத் தண்ணீர்த் தொட்டி வைத்த பழைய ஏற்பாடும் சில வீடுகளில் மிச்சமிருக்கிறது.

குளிருக்கென்று வாங்கினாலும் காம்பியின் அளவைத் தீர்மானிப்பது குளியலறைதான். கடுங்குளிரிலும் நடுத்தர வீட்டுக்குப் பெரும்பாலும் 10 கிலோவாட்டுக்குள் போதும். ஆனால் 5 டிகிரியில் வரும் குழாய்த் தண்ணீரை நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 40 டிகிரிக்குக் கொண்டுவர 24 கிலோவாட் வேண்டும். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் சமையலறையில் வெந்நீரைத் திறந்தால், குளிப்பவர் கத்துவது கீழே வரை கேட்கும். ஒரே குளியலறை உள்ள ஃபிளாட்டுக்குக் காம்பி. இரண்டு குளியலறை உள்ள குடும்ப வீட்டுக்குச் சிலிண்டர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2005 முதல் பிரிட்டனில் பொருத்தப்படும் புதிய கேஸ் பாய்லர்கள் அநேகமாக எல்லாமே கண்டென்சிங் வகை. புகையோடு போகும் நீராவியை உள்ளேயே குளிரவைத்து, அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்பவை. திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். பாய்லர் அனுப்பும் தண்ணீரை 75, 80 என்று திருகி வைத்துவிட்டால் காசு கொடுத்து வாங்கிய வித்தை புகைபோக்கி வழியே போய்விடும்.

இப்போது அரசு ஊக்குவிப்பது ஹீட் பம்ப்பை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்ட் மானியம் உண்டு. நம் வீட்டு ஏசி அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறதல்லவா, அதைத் திருப்பிப் போட்டது போல: வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தருகிறது. வெளியே பூஜ்ஜியம் டிகிரி என்றாலும் காற்றில் எடுக்க வெப்பம் இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும்.

ஆனால் அங்கே மின்சாரம் கேஸைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. மூன்று யூனிட் கிடைத்தால் பில் குறையாது. நான்கை நெருங்கினால்தான் லாபம். அதற்கு 45 டிகிரித் தண்ணீரிலேயே வீடு சூடாக வேண்டும். பெரிய ரேடியேட்டர்களும், வெப்பம் ஒழுகாத சுவரும் கூரையும் வேண்டும். வெந்நீருக்குச் சிலிண்டரும் அவசியம். அலமாரி இடத்துக்கு ஆசைப்பட்டு அதைப் பிடுங்கிக் காம்பி வைத்தவர்கள் நாளைக்கு மறுபடி சிலிண்டர் வாங்க வேண்டும்.

காம்பி வைத்திருப்பவர்கள் ரேடியேட்டர் தண்ணீரின் வெப்பநிலையை இன்றே 60 டிகிரிக்கு இறக்கிப் பாருங்கள். சிலிண்டர்காரர்கள் மட்டும் கிருமி பயம் கருதி, சேமித்த வெந்நீரை 60 டிகிரிக்குக் கீழே குறைக்க வேண்டாம். புதிதாக வாங்குவதானால், வெப்பம் எவ்வளவு வெளியேறுகிறது என்று அறை அறையாகக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எதையும் அளக்காமல், "பழசு 30 கிலோவாட், புதுசும் அதையே போட்டுடலாம்" என்பவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.