நம் எண் யார் கையில்? புதுச்சேரியும் அரசுக் கண்காணிப்பும்

புதுச்சேரிக்கு அரசுக் கண்காணிப்பு புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊருக்கு 1908-இல் சுப்பிரமணிய பாரதியும், 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த இந்தச் சுதேசிகளின் பின்னாலேயே பிரிட்டிஷ் சிஐடி போலீசாரும் வந்து தங்கினர். இங்கே யாரையும் கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதனால் யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். தபாலைப் பிரித்துப் படித்தார்கள். 1911 ஜூனில் மணியாச்சியில் பிரிட்டிஷ் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்ட பிறகு கெடுபிடி இன்னும் கூடியது.

வேவு பார்ப்பதோடு விஷயம் நிற்கவில்லை. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி அகப்பட்டது. உள்ளே ராஜதுரோகக் குற்றத்துக்கு ஆளாக்கக்கூடிய தாள்கள். மாட்டிவிடுவதற்காக யாரோ போட்டது. சுதேசிகள் அதை மறைக்காமல் தாங்களே பிரெஞ்சு அதிகாரிகளிடம் தெரிவித்தார்கள். விசாரணைக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி அரவிந்தரின் வீட்டைச் சோதனையிட்டார். அங்கே கிரேக்க, லத்தீன் எழுத்துகளைக் கண்டு மதிப்போடு திரும்பிப் போனார். வழக்கு நிற்கவில்லை. வேவு பார்த்தவர்களுக்கும் பார்க்கப்பட்டவர்களுக்கும் நடுவே, இரு தரப்பையும் சேராத ஓர் அதிகாரி இருந்ததுதான் அன்று அவர்களைக் காப்பாற்றியது. அந்தப் பாதுகாப்பு எல்லைக்கோட்டோடு முடிந்தது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதி கடலூர் அருகே கைதானார்.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகமும், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான உரிமையும் இந்தியாவின் கைக்கு வந்தன. அதன்பின் நாட்டின் மற்ற பகுதிகளில் செல்லும் ஒட்டுக்கேட்புச் சட்டம் இங்கும் செல்லுபடியானது. பிரிட்டிஷார் 1885-இல் இயற்றிய தந்திச் சட்டம் அது. அதன் 5(2) பிரிவுப்படி பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற நிலை இருந்தால்தான் செய்தியை இடைமறிக்கலாம். இந்தப் பிரிவுக்கு நடைமுறை விதிகளே இல்லாமல் நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. 1996 டிசம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது: உத்தரவை உள்துறைச் செயலாளர் நிலையில் உள்ளவர் இட வேண்டும், அது இரண்டு மாதம் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு அதைச் சரிபார்க்க வேண்டும்.

கோளாறு அந்தக் குழுவில்தான் இருக்கிறது. அதில் இருப்பவர்கள் எல்லோரும் அரசுச் செயலாளர்கள். நீதிபதி இல்லை, எதிர்க்கட்சி உறுப்பினர் இல்லை. மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் இடுகிறது என்று 2013-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே தெரியவந்தது. விடுமுறை இல்லாமல் உட்கார்ந்தாலும் நாளொன்றுக்குக் குறைந்தது சுமார் 250 கோப்புகள். ஒவ்வொன்றிலும் உண்மையிலேயே பொது நெருக்கடி இருக்கிறதா என்று எந்த அதிகாரியால் பார்க்க முடியும்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழுவின் முன் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வந்து நிற்கின்றன என்று, தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவும் 2018-இல் சுட்டிக்காட்டியது. தந்திச் சட்டத்தின் இடத்தைப் பிடித்த 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும், 2024 டிசம்பரில் வந்த அதன் விதிகளும் இதே ஏற்பாட்டைத்தான் தொடர்கின்றன.

ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு அது எப்போதும் தெரிவிக்கப்படுவதில்லை. குற்றவழக்கு வந்து, பதிவு நீதிமன்றத்துக்குப் போனால்தான் தெரியும். அப்படித் தெரியவந்த ஒரு வழக்கில், 2011-இல் மத்திய உள்துறை இட்ட உத்தரவை 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஊழல் குற்றத்தைத் துப்பறிவது பொது நெருக்கடி ஆகாது என்றார் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். புதுச்சேரியும் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால் இந்தத் தீர்ப்பு இங்கும் பொருந்தும். ஆனால், உத்தரவுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஓடிய காலம் 14 ஆண்டு.

இன்றைய கண்காணிப்புக்குப் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கைபேசி எண், வங்கிக் கணக்கு, ஆதார் மூன்றும் இணைந்திருந்தால் போதும். இந்த இணைப்பு முன்கூட்டியே வந்த ஊர்களில் புதுச்சேரியும் ஒன்று. ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் போடும் முறை 2015 செப்டம்பரில் சண்டிகரோடு இங்கும் தொடங்கியது. அரிசிப் பணம் வர வேண்டுமென்றால் விவரங்களைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. ஏழைக் குடும்பத்துக்கு வேறு வழி இருக்கவில்லை.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது விவரங்களைக் கொடுத்த மக்களின் நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. புதுச்சேரி வாக்காளர்களின் கைபேசிகளுக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. பாரதிய ஜனதா கட்சியின் பெயரில், வாக்குச்சாவடி வாரியாக அமைந்த வாட்ஸ்அப் குழுவில் சேர இணைப்பும் அதில் இருந்தது. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே இவை வந்ததாகச் சொல்லி, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரி நிர்வாகி பொதுநல வழக்குத் தொடுத்தார். எண்களைத் தொண்டர்களே மக்களிடம் திரட்டியதாகக் கட்சி மறுத்தது. தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜியும் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தியும் அடங்கிய அமர்வு குற்றச்சாட்டு நம்பத்தக்கதாக இருப்பதாகக் கருதி, ஆதார் ஆணையம் பதில் சொல்ல வேண்டும் என்றது. ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு நடந்து முடிந்தது. தன் எண், வாக்குச்சாவடி விவரத்தோடு வேறு கைக்கு எப்படிப் போனது என்ற கேள்விக்கு, வாக்களிக்கப் போன நாளில் வாக்காளரிடம் பதில் இல்லை.

ரகசியமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வெடிகுண்டு வைக்கப் போகிறவனுக்கு முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு ஒட்டுக்கேட்க முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வும், சட்டமும் நியாயமான நோக்கமும் அதற்கேற்ற அளவும் இருந்தால் உரிமையில் அரசு தலையிடலாம் என்றே சொன்னது. வேலை முடிந்த பிறகும் ரகசியம் நீடிப்பதுதான் நம்பிக்கையை அரிக்கிறது. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றமே அமைத்த குழுவுக்கு மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. இதற்கு மாறாக, அமெரிக்காவின் குற்றவழக்குகளில் ஒட்டுக்கேட்புக்கு நீதிபதி அனுமதி தர வேண்டும். முடிந்தபின் 90 நாளுக்குள் உரியவருக்கு அறிவிப்பு போக வேண்டும் என்பது பொது விதி. ஆண்டுதோறும் எண்ணிக்கையும் வெளியாகிறது. தேசப் பாதுகாப்பின் பெயரால் அங்கும் தனி ரகசிய நீதிமன்றம் உண்டு. அதன் மறைவில் எவ்வளவு நடந்தது என்பதை 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அறிவிக்கை வெளியிட்டு எந்த அரசு அமைப்புக்கும் விலக்களிக்க மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் அதே அரசு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய பிரிவையும் அது இறுக்கிவிட்டது. குடிமக்களுக்கு உருப்படியான ஒரு பிரிவும் உண்டு: தரவு கசிந்தால், அதை வைத்திருந்த நிறுவனம் வாரியத்துக்கு மட்டுமல்லாமல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பரில் வந்த விதிகளின்படி அந்தக் கடமை 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். விலக்குப் பெற்ற அமைப்புகளை அது கட்டுப்படுத்தாது.