எழுத்தாளருக்கு ஓர் இணையதளம்

ஓர் எழுத்தாளருக்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் ஒரு பென் டிரைவில் தொடங்குகிறது. பத்திரிகைகளில் இருபது ஆண்டுகளாக வந்த கட்டுரைகள், டி.டி.பி. மையத்தில் அடித்து வாங்கிய கதைகள், அச்சுக்குப் போன புத்தகத்தின் பேஜ்மேக்கர் கோப்புகள் எல்லாம் அதில் இருக்கும். “எல்லாத்தையும் ஏத்திடுங்க தம்பி” என்பார். கோப்பைத் திறந்தால் திரை முழுக்கத் தாறுமாறான ஆங்கில எழுத்துகள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி சேமித்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத இடத்தில் குப்பை. தேடுபொறிக்கும் அது தமிழாகத் தெரியாது.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கென்றே 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி உண்டு. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. பழைய கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவர இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. ஆனால் எழுத்துக்கு எழுத்து பெயர்த்து வைத்தால் வேலை முடிந்துவிடாது. பாமினியில் ‘கெ’ அடிக்கும்போது கண்ணில் தெரியும் வரிசைப்படி முதலில் கொம்பு, அடுத்துக் ககரம். யூனிகோடில் முதலில் ககரம், பிறகுதான் கொம்பு. ‘கொ’வில் கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் நிற்கின்றன, மூன்றையும் சேர்த்துப் பிடித்துத்தான் இடம் மாற்ற வேண்டும். கட்டுரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று வந்துவிட்டாலோ, மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்துப் பொருளற்ற எழுத்துக் கோவையாக்கிவிடும்.

ஔகாரத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘மௌனம்’ என்பதை மகரத்தோடு ஔகாரக் குறி சேர்த்து எழுதுவதே முறை. ஆனால் பலர் மகரம், ஒற்றைக் கொம்பு, ளகரம் என்று அடித்துவிடுகிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். தளத்தின் தேடல் பெட்டியில் வாசகர் சரியாக அடித்தும், தவறாகப் பதிவான கதை வராமலே போகும். மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்றால் அதுவும் ஆபத்து: ‘கெளரவம்’, ‘பெளர்ணமி’ திருந்தும்போது, சரியாக இருந்த ‘தெளிவு’ம் ‘வெள்ள’மும் உடைந்துபோகும். ஒவ்வோர் இடமாகப் பார்த்தே மாற்ற வேண்டும். தளம் அமைப்பவர் கேட்கும் கூலியில் இந்த உழைப்புக்கு ஒரு பங்கு இருப்பது நியாயம். வண்ணத்துக்கும் முகப்புப் படத்துக்கும் செலவிடும் நேரத்தைவிட இதற்குச் செலவிடும் நேரமே எழுத்தாளருக்கு அதிகம் பயன்படும்.

ஏனெனில் தமிழில் ஓர் எழுத்தாளரின் தளம் வெறும் விசிட்டிங் கார்டு அல்ல. ஜெயமோகன் ‘வெண்முரசு’ வரிசையின் 26 நாவல்களை 2014 ஜனவரியிலிருந்து 2020 ஜூலை வரை இணையத்தில்தான் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டார். வாசகர்கள் அன்றன்றே படித்தார்கள்; அச்சுப் புத்தகம் பிறகு வந்தது. இப்படி எழுதுகிறவருக்கு, வேறு யாருடைய உதவியும் இல்லாமல் பதிவேற்றும் வசதி வேண்டும்.

அந்த வசதிக்காகத்தான் பலரும் வேர்ட்பிரஸை நாடுகிறார்கள். மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. இன்று உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதில் இயங்குகின்றன. ஆனால் தமிழ்த் தலைப்புகளுக்கு இதில் ஒரு பொறி உண்டு. தலைப்பிலிருந்தே பதிவின் முகவரியை அது உருவாக்கிக்கொள்ளும். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று இடங்களைப் பிடிக்கும். ‘தமிழ்’ என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆக 45 இடங்கள். முகவரியின் இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் தருவது 200 இடங்கள்தான். 22 குறிகளைத் தாண்டினால் மிச்சம் வெட்டுப்படும், சில சமயம் சொல்லின் நடுவிலேயே. எஞ்சியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாலான நீண்ட வால் ஒன்று தொங்கும். பதிவேற்றும்போதே சுருக்கமான முகவரியைக் கையால் கொடுத்துவிடுவது நல்லது.

பக்க வடிவமைப்பில் ஒன்று மட்டும்: இருபுறமும் ஒழுங்கு செய்த பத்தி கைபேசிக்கு ஆகாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய திரையில் வரிக்கு மூன்று சொல்லே பிடிக்கும், இடையில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்தால் போதும்.

எழுத்தெல்லாம் சரியாக ஏறிய பிறகும் தளம் எழுத்தாளருடையதாக இல்லாமல் போகலாம். தளப் பெயரை, வசதி கருதி, அமைப்பவரே தன் மின்னஞ்சலில் பதிவு செய்துவிடுகிறார். சில ஆண்டுகளில் அவர் வேலை மாறுகிறார். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதங்கள் யாரும் திறக்காத பெட்டியில் விழுகின்றன. டாட் காம் பெயர் ஒன்றைப் பதிவாளர் நீக்கிய பின்னும் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. கட்டணம்தான் புதுப்பிப்பதைவிடப் பல மடங்கு. அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பெயரும் கடவுச்சொல்லும் முதல் நாளிலேயே எழுத்தாளரிடம் இருக்க வேண்டும்.

இலவச இடத்தை நம்புவதிலும் இதே அபாயம் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸில் லட்சக்கணக்கானோர் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது. தன்னார்வலர்கள் விரைந்து நகலெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது.

அதனால், ஒப்படைக்கும்போது நகலெடுக்கும் முறையையும் செய்துகாட்ட வேண்டும். வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து முழுவதும் வரும். படங்கள் வராது, அவற்றின் முகவரிகள் மட்டுமே வரும். புத்தக அட்டைகளும் பழைய புகைப்படங்களும் இருக்கும் கோப்புறையைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். எழுத்தாளருக்கு இதில் பழக்கம் இல்லையென்றால் வீட்டில் மகனுக்கோ மருமகளுக்கோ கற்றுக்கொடுத்து, ஒரு முறை அவர்களையே செய்யச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.