ஒரே சந்தாவில் எல்லாம்: எத்தனை ரூபாய் தகும்?

பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஓயாத கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களிலும், மலையேறினால் மறையூர், மூணாறு, பூப்பாறை, குமுளி வரையிலும் மாலை நேரத்து வீடுகளில் ஒரே வழக்கு நடைபெறுகிறது. பாட்டிக்குத் தமிழ்த் தொடர் வேண்டும். மலையாள வழிப் பள்ளியில் பயிலும் பேத்திக்கு மலையாள நகைச்சுவைப் படம் வேண்டும். மகனுக்குக் கிரிக்கெட் வேண்டும். எல்லையோரக் குடும்பம் இரு மொழியில் பேசுகிறது. ஆகவே அதன் பொழுதுபோக்கும் இரண்டு பங்காகிறது.

அந்த வழக்கைத் தீர்த்துவைப்பதாகத்தான் "ஒரே சந்தா, எல்லா ஓடிடியும்" என்ற விளம்பரம் கைப்பேசியில் வந்து நிற்கிறது. வாங்கலாமா என்று கேட்பவரிடம் நாம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது வேறொன்று: அதற்கு எத்தனை ரூபாய் வரை கொடுக்க உங்கள் மனம் ஒப்பும்? விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே இதற்கு விடை வைத்திருப்பவர் ஏமாறுவதில்லை. அந்த விடையைக் கண்டடையும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

கதவைத் தட்டி வாங்கியவர்

கேபிள் தொலைக்காட்சிக் காலத்தில் மாதந்தோறும் ஒருவர் வீட்டுக்கு வந்து பணம் வாங்கிச் சென்றார். "இந்த மாதம் நான்கு நாள் படமே தெரியவில்லை" என்று அவரிடம் முறையிட முடிந்தது. பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது, அது தகுமா என்ற எண்ணம் ஒரு கணமேனும் எழுந்தது.

2019 பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. முதல் 100 அலைவரிசைகளுக்கான இணைப்புக் கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாய் எனவும், கட்டண அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் தனி விலை எனவும் வகுக்கப்பட்டது. 2020 மார்ச்சு முதல் அதே 130 ரூபாய்க்கு 200 அலைவரிசைகள் என்றாயிற்று. எந்த அலைவரிசைக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் பார்வையாளர் முதன்முறையாகக் காண முடிந்தது.

ஓடிடிச் சந்தாவில் அந்த வெளிச்சம் மீண்டும் மங்கிவிட்டது. யாரும் கதவைத் தட்டுவதில்லை. பணம் கணக்கிலிருந்து தானாகச் செல்கிறது. முப்பது ஓடிடிகள் கொண்ட தொகுப்பில், நாம் பார்க்கும் இரண்டுக்கு எவ்வளவு, பாராத இருபத்தெட்டுக்கு எவ்வளவு என்பது தெரிவதில்லை.

கூலியும் கட்டணமும்

விலையைக் கூலியோடு ஒட்டிப் பார்த்தால்தான் அதன் எடை விளங்கும். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தை நாடே அறிந்தது. அதன் பயனாக அவ்வாண்டு அக்டோபரில் தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாகவும், ஏலத்தோட்டத் தொழிலாளரின் கூலி 267 ரூபாயிலிருந்து 330 ரூபாயாகவும் உயர்ந்தது. அடுத்த சில மாதங்களில், 2016 ஜனவரியில், நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அதன் மிகக் குறைந்த மாதக் கட்டணம் 500 ரூபாய். ஒரு மாதப் பொழுதுபோக்குக்கு ஒன்றரை நாட்கூலிக்கும் மேல் கேட்ட அச்சந்தாவைப் பற்றி லயத்து வீடுகளில் எவரும் பேசாததில் வியப்பில்லை.

அதன்பின் விலை இரு திசைகளிலும் நகர்ந்தது. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ், கைப்பேசிக்கு மட்டுமான திட்டத்தை 199 ரூபாயிலிருந்து 149 ரூபாயாகவும், அடிப்படைத் திட்டத்தை 499 ரூபாயிலிருந்து 199 ரூபாயாகவும் குறைத்தது. அதே மாதத்தில் அமேசான் பிரைம் ஆண்டுக் கட்டணம் 999 ரூபாயிலிருந்து 1,499 ரூபாயாக ஏறியது. 2016இல் அது 499 ரூபாயாகத் தொடங்கியது என்பதை நினைவில் கொள்வோம். 2025 ஜூன் முதல் பிரைம் வீடியோவில் விளம்பரங்கள் இடம்பெறத் தொடங்கின. அவை வேண்டாமெனில் ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. வாங்குவோர் தயங்கினால் விலை இறங்கும். பழக்கம் ஊறிவிட்டால் விலை ஏறும். எனவே இன்றைய அறிமுக விலையை நிரந்தர விலையென்று கொள்ளலாகாது.

தொகுப்பு எவ்வாறு விலை பெறுகிறது?

பல பொருள்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்பது ஏன் இலாபமாகிறது என்பதை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1963இலேயே விளக்கினார். திரைப்படங்களைக் கட்டுக்கட்டாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்ற வழக்கமே அவர் ஆராய்ந்த பொருள். அக்கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு குடும்பம். தமிழ் ஓடிடிக்கு 150 ரூபாயும் மலையாள ஓடிடிக்கு 50 ரூபாயும் வரை கொடுக்கும். மறையூரில் மற்றொரு குடும்பம். மலையாளத்துக்கு 150 ரூபாயும் தமிழுக்கு 50 ரூபாயும் வரை கொடுக்கும். ஒவ்வொன்றையும் 150 ரூபாய்க்குத் தனித்தனியே விற்றால், குடும்பத்துக்கு ஒன்று வீதம் விற்பனையாகி 300 ரூபாய் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து 200 ரூபாய்க்கு விற்றால் இரு குடும்பங்களும் வாங்கும். விற்பவருக்கு 400 ரூபாய் வரும். குடும்பங்களுக்கும் இரண்டு மொழிகள் கிடைக்கின்றன. இங்கே எவருக்கும் நட்டமில்லை.

இப்போது மூன்றாவது குடும்பத்தைப் பாருங்கள். தமிழுக்கு 150 ரூபாய் கொடுக்கும். மலையாளத்துக்கோ 10 ரூபாய்தான் கொடுக்கும். அக்குடும்பத்துக்குத் தொகுப்பின் மதிப்பு 160 ரூபாயே. "முப்பது ஓடிடி வெறும் 200 ரூபாய்" என்ற கவர்ச்சியில் வாங்கினால் மாதந்தோறும் 40 ரூபாய் இழக்கும். அண்டை வீட்டுக்கு ஆதாயமான தொகுப்பு நமக்கு நட்டமாகலாம். ஓட்டலில் முழுச் சாப்பாடு மலிவுதான். ஆனால் பசி இரண்டு இட்லி அளவே இருப்பவருக்கு அது மலிவன்று.

மாதச் சந்தாவுக்கே உரிய மயக்கமும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் உறுப்பினர்களை ஆராய்ந்து டெல்லாவீன்யா, மால்மெண்டியர் என்னும் பொருளியலறிஞர்கள் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக நான்கு முறைக்குச் சற்று மேலாகவே சென்றிருந்தனர். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவாகியது. பத்து வருகைக்கான சீட்டு வாங்கி, வருகைக்கு 10 டாலரிலேயே போயிருக்கலாம். "நிறையப் பயன்படுத்துவோம்" என்று தொடக்கத்தில் நினைப்பதே மனித இயல்பு. ஓடிடியிலும் அவ்வாறே.

காட்சி விலை: ஒரு மாதக் குறிப்பேடு

இம்மயக்கத்துக்கு மருந்து எளியது. ஒரு மாதம், நாட்காட்டியின் ஓரத்தில், வீட்டில் எந்த ஓடிடியில் என்ன பார்த்தோம் என்று குறித்துவாருங்கள். மாத இறுதியில் சந்தாவைப் பார்த்த மாலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே உங்கள் காட்சி விலை. 499 ரூபாய்ச் சந்தாவில் பத்து மாலைகள் குடும்பமாகப் பார்த்திருந்தால் ஒரு மாலைக்கு ஏறத்தாழ 50 ரூபாய். இரண்டே படங்கள் பார்த்திருந்தால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 250 ரூபாய்.

இதை ஒப்பிட நம் மாநிலத்திலேயே ஓர் அளவுகோல் உண்டு. 2024 மார்ச்சு 7 அன்று கேரள அரசு "சி ஸ்பேஸ்" என்னும் ஓடிடியைத் தொடங்கியது. மாதச் சந்தாவின்றி, பார்க்கும் படத்துக்கு மட்டும் கட்டணம் என்பது அதன் முறை. ஒரு முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய் எனத் தொடக்கத்தில் நிர்ணயிக்கப்பட்டது. அங்கு எல்லாப் படமும் கிடைக்காது. ஆயினும் உங்கள் காட்சி விலை 75 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் சந்தா தகும், மேலே இருந்தால் மறுபரிசீலனை வேண்டும் என்று கொள்வது நல்ல வரையறை.

இருமொழி வீட்டுக்குரிய கணக்கு

எல்லையோரக் குடும்பத்துக்கு ஒரு வசதியும் உண்டு. விஜய் தொலைக்காட்சியின் தமிழ் நிகழ்ச்சிகளும் ஏஷியாநெட்டின் மலையாள நிகழ்ச்சிகளும் ஜியோஹாட்ஸ்டாரில் ஒருங்கே உள்ளன. சன் தொலைக்காட்சியும் சூர்யாவும் சன் நெக்ஸ்டில் உள்ளன. ஜீ தமிழும் ஜீ கேரளமும் ஜீ5இல் உள்ளன. பாட்டியும் பேத்தியும் பார்ப்பவை ஒரே குழுமத்தின் இரு அலைவரிசைகளாக இருந்தால் ஒரு சந்தா போதும். அத்தகைய வீட்டுக்குப் பெரிய தொகுப்பு தேவைப்படாது.

தொகுப்பை வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள். முதலாவது, நீங்கள் விரும்பும் ஓடிடி அதில் உள்ளதா? பெயர்களின் எண்ணிக்கை பெரிதாயிருந்தும் வேண்டிய ஒன்று விடுபட்டிருக்கலாம். இரண்டாவது, அது தொலைக்காட்சியில் தெரியுமா, கைப்பேசியில் மட்டுமா? எத்தனை திரைகளில் ஒரே நேரத்தில் பார்க்கலாம்? மூன்றாவது, உங்கள் கைப்பேசி ரீசார்ஜிலோ இணைய இணைப்பிலோ அதே ஓடிடி ஏற்கெனவே சேர்ந்துள்ளதா? ஒரே பொருளுக்கு இருமுறை பணம் கட்டும் வீடுகள் உண்டு.

இணையச் செலவும் சந்தாவின் பகுதியே. நல்ல தெளிவுடன் படம் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ் நாற்பது நிமிடங்களில் தீர்ந்துவிடும். தெளிவைக் குறைத்தால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி போதும். 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பெற்ற கேரள அரசின் கே-ஃபோன் இணைப்பில், 20 எம்பிபிஎஸ் வேகத்துக்கான தொடக்கத் திட்டம் வரி நீங்கலாக மாதம் 299 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 இலட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு வழங்குவதும் அத்திட்டத்தின் நோக்கம். உங்கள் பகுதியில் இணைப்பு கிடைக்கிறதா என்று உள்ளூர்க் கேபிள் நடத்துநரிடம் விசாரிக்கலாம். சந்தாவுக்கும் இணையத்துக்கும் 18 சதவீதச் சரக்கு, சேவை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தானாகச் செல்லும் பணம்

இனி வங்கியின் பக்கம் வருவோம். நீங்கள் ஒருமுறை அனுமதித்தால் மாதந்தோறும் பணம் தானாகச் செல்லும் ஏற்பாட்டுக்கு இ-மேன்டேட் என்று பெயர். யூபிஐ வழியில் அது ஆட்டோபே எனப்படுகிறது. ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் இதில் உங்களுக்குச் சில காவல்களைத் தந்துள்ளன. பதிவு செய்யும்போது கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். எந்நேரமும் அனுமதியைத் திரும்பப் பெறலாம். இவ்வசதிக்கென உங்களிடம் கட்டணம் பெறலாகாது. 2022 ஜூன் முதல், 15,000 ரூபாய் வரையிலான தொகை ஒவ்வொரு முறையும் புதிய சரிபார்ப்பின்றியே செல்லும். எனவே அந்த 24 மணி நேரக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று எண்ணித் தள்ளிவிட வேண்டாம். அன்று கதவைத் தட்டியவரின் இடத்தில் இன்று நிற்பது அதுவே.

செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் சந்தா நீங்காது. முதலில் ஓடிடியில் சந்தாவை நிறுத்துங்கள். பிறகு யூபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியிலோ வங்கியின் அட்டைச் சேவையிலோ அனுமதியை நீக்குங்கள். சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் "சந்தாப் பொறி", நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் தடுக்கப்பட்ட 13 வணிகத் தந்திரங்களுள் ஒன்று. முறையிட 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. "சந்தா முடிந்தது, இந்த இணைப்பை அழுத்துக" என்று வரும் போலிச் செய்தியில் பணம் இழந்தால் உடனே 1930ஐ அழையுங்கள்.

நம் பரிந்துரை

சந்தாவே வேண்டாம் என்று சொல்வது நம் நோக்கமன்று. மலைமேல் இருட்டும் மழையும் சூழ்ந்த மாலையில் ஒரு படம் தரும் ஆறுதல் சிறிதன்று. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பதே நம் கருத்து. அளவு வேண்டுமெனில் ஒன்று சொல்கிறோம்: இணையம் உட்பட வீட்டின் பொழுதுபோக்குச் செலவு, குடும்பத்தின் ஒரு நாள் வருமானத்தைத் தாண்ட வேண்டாம், அதில் ஓடிடிச் சந்தா பாதிக்குள் அடங்கட்டும். தோட்டத் தொழிலாளிக்கும் அலுவலருக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும்.

ஆண்டுச் சந்தா மலிவுபோல் தோன்றினும், குறிப்பேடு நிரம்பும் வரை மாதச் சந்தாவே நன்று. ஓணத்துக்கு ஒன்று, பொங்கலுக்கு மற்றொன்று என மாற்றி மாற்றி எடுத்தாலும் பார்க்கும் படங்கள் பெரிதும் குறையா. இவ்வாறு மாதம் 300 ரூபாய் மிஞ்சினால் ஆண்டுக்கு 3,600 ரூபாய். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில், பேத்தியின் குடைக்கும் பைக்கும் புத்தகத்துக்கும் அத்தொகை நேரத்துக்கு உதவும். மிஞ்சும் தொகையைத் தொடர் வைப்பில் இட்டு, சந்தா செல்லும் அதே தேதியில் அதுவும் தானாகச் செல்லுமாறு செய்துவிடுங்கள். கேளிக்கைக்குப் பயன்படும் அதே வசதி சேமிப்புக்கும் பயன்படட்டும்.