ஜூஜுவாடியிலிருந்து சென்னை: விமானமா, சாலையா?

பெங்களூரிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 270 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு இது 20 நிமிடத் தூரம். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரம், சில சேவைகளுக்கு அதற்கும் மேல் போட்டிருக்கும். குறுகிய தூரத்தில் விமானம் முழு வேகத்தில் பறக்கும் நேரம் மிகக் குறைவு. ஏறவும் இறங்கவுமே பாதிப் பயணம் கழிந்துவிடும். தவிர, டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் வந்து நிற்பது வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

ஓசூரை ஒட்டி மாநில எல்லையில் இருக்கும் ஜூஜுவாடிக்காரருக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயமே இல்லை. பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்குப் போய்ச் சேருவதுதான் பெரிய விஷயம். ஜூஜுவாடி சோதனைச்சாவடியிலிருந்து விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சாலையில் 70-க்கும் மேல். அத்திப்பள்ளி சுங்கச்சாவடி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று மாநகரத்தைத் தெற்கிலிருந்து வடக்காக முழுக்கக் கடக்க வேண்டும். அதிகாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அலுவலக நேரத்தில் மூன்று மணி நேரமும் ஆகும். பாகலூர், சர்ஜாபூர், ஒசகோட்டே, பூதிகெரே வழியாகச் சுற்றிப் போகும் ஓட்டுநர்களும் உண்டு.

முன்பு இவ்வளவு தொல்லை இல்லை. 2008 மே மாதம் வரை பயணிகள் விமானங்கள் பழைய எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து கிளம்பின. அது ஜூஜுவாடியிலிருந்து நேர்கோட்டில் 25 கிலோமீட்டர்கூட இல்லை. புதிய நிலையம் வந்ததும் ஓசூர் வட்டாரத்துக்குத் தூரம் இரட்டிப்பானது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகளுக்கு வந்துபோகும் பொறியாளர்களுக்கும், வெளிநாட்டுக்கு ரோஜா அனுப்பும் விவசாயிகளுக்கும் இது நேரடி இழப்பு. வெட்டிய பூவுக்குச் சாலை நெரிசலில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான்.

ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் ஒன்று ஏற்கெனவே உண்டு. இருந்தும் இங்கிருந்து பயணிகள் சேவை வரவில்லை. பெங்களூரு நிலையத்தோடு மத்திய அரசு செய்த ஒப்பந்தப்படி, அது திறக்கப்பட்டு 25 ஆண்டுகள் முடியும்வரை, வான்வழியாக 150 கிலோமீட்டருக்குள் புதிய பன்னாட்டு நிலையத்துக்கு அனுமதி கிடையாது. அந்தக் கெடு 2033-ல் முடிகிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். வாகனத் தொழிலும் மின்னணு ஆலைகளும் பெருகிவிட்ட இந்த எல்லைக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டியது. ஒப்பந்தத்தில் தளர்வு பெற இரு மாநிலங்களும் மத்திய அரசும் இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும்.

அதுவரை வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். தேவனஹள்ளிக்கு இரண்டரை மணி நேரம். கவுண்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் அங்கே குறைந்தது ஒன்றரை மணி நேரம். பறக்க ஒரு மணி. மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போக இன்னொரு மணி. மொத்தம் ஆறு மணி நேரம். கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சாலையில் சென்னை சுமார் 310 கிலோமீட்டர், அதற்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ என்றால் விமானத்தில் போங்கள், காலை பத்து மணி விமானத்துக்கு ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள். சென்னைக்குப் பேருந்தே போதும்.